விண்ணில் உலவும் சென்னைப் பெயர்கள்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றால் நம்மவர் எளிதில் அமைதி கொள்வதில்லை. பிறந்த நட்சத்திரத்திற்கு இன்ன எழுத்து என்று பஞ்சாங்கம் சொல்லும். எண்கணிதம் பார்ப்பவர் உரோமன் எழுத்தில் ஓர் ‘எச்’ கூடுதலாகச் சேர்க்கச் சொல்வார். பாட்டிக்கோ குலதெய்வத்தின் பெயர் வர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிய வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு குடும்பமே கூடிப் பேசிய பேச்சு எனக்குக் கேட்கிறது. இதைவிடக் கடுமையான விதிகளோடு பெயர் சூட்டும் இடம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெருங்கூட்டமாகச் சுற்றிவரும் குறுங்கோள்களைத்தான் சொல்கிறேன்.

அறிவியல் பாடத்தில் சூரிய மண்டலம் நடத்தும் ஆசிரியர்கள் இவற்றை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பெயர்ப்பட்டியலில் நம்முடைய சென்னை பலமுறை வந்து போகிறது. கிள்ளானில் வாழும் நமக்கு அது அயலூர் அன்று. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறிய துறைமுகம் அங்கேதான் இருந்தது. ஆகவே ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் அந்தக் கதையை அறிந்திருப்பது நல்லது என்று கருதி இதனை எழுதுகிறேன்.

முதல் குறுங்கோளை 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், இத்தாலியின் சிசிலித் தீவில் இருந்த ஜூசெப்பே பியாட்சி கண்டார். சிசிலியின் காவல் தெய்வமும் உரோமரின் பயிர்த் தெய்வமுமான சீரிஸ் பெயரையும், தம்மை ஆதரித்த மன்னர் பெர்டினாண்டின் பெயரையும் சேர்த்து அதற்கு இட்டார். மற்ற நாட்டார் மன்னரை விட்டுவிட்டுத் தெய்வத்தை மட்டும் ஏற்றுக்கொண்டனர். (சீரிஸ் 2006 முதல் குறளைக்கோள் வகையில் வைக்கப்பட்டுள்ளது.) பாலஸ், ஜூனோ, வெஸ்டா ஆகியவை 1807க்குள் வந்தன, ஐந்தாவது கிடைக்க 1845 வரை காத்திருக்க நேர்ந்தது. இவற்றிற்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘ஆஸ்டிராய்டு’ என்னும் சொல்லை 1802இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹெர்ஷல். அதன் பொருள் ‘விண்மீன் போன்றது’ என்பதாகும். தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரிந்ததால் அப்படிச் சொன்னார். குறுங்கோள், சிறுகோள் என்னும் நம் சொற்கள் அதனினும் பொருத்தமானவை என்பது என் எண்ணம். அவை தோற்றத்தைச் சொல்லாமல் தன்மையைச் சொல்கின்றன.

தொடக்கத்தில் கிரேக்க, உரோமத் தெய்வப் பெண்களின் பெயர்களை இடுவதே வழக்கம். உயிரோடிருக்கும் மனிதருக்கு இடம் இல்லை. 1850இல் இலண்டனில் ஜான் ரசல் ஹைண்ட் தாம் கண்ட குறுங்கோளுக்கு விக்டோரியா என்று பெயரிட்டபோது பூசல் எழுந்தது. அரசியார் அரியணையில் இருக்கிறாரே என்று அமெரிக்க வானியலாளர் சிலர் மறுத்து, கிளியோ என்றே எழுதி வந்தனர். விக்டோரியா உரோமரின் வெற்றித் தெய்வத்தின் பெயரும் ஆகுமே என்று ஹைண்ட் சமாளித்தார். அந்தப் பெயரே நிலைத்தது.

இந்த வழக்கம் உறுதியாக இருந்த காலத்தில்தான் கதை சென்னைக்கு வருகிறது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் 1792இல் கட்டி முடித்த வானாய்வகம் ஒன்று இருந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டுப் பொறித்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருவோரும் படிக்க வேண்டும் என்று எண்ணியிருப்பார்கள் போலும். அந்த வானாய்வகத்திற்கு 1861இன் தொடக்கத்தில் பொறுப்பேற்க வந்தவர் நார்மன் இராபர்ட் பாக்சன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1829இல் பிறந்தவர். விண்மீன்களின் ஒளியளவைக் கணக்கிட இன்றளவும் வழங்கும் அளவுமுறையை 1856இல் முன்மொழிந்தவரும் இவரே. ஆக்ஸ்போர்டில் இருந்தபோதே மூன்று குறுங்கோள்களைக் கண்டிருந்தார்.

அக்காலத்தில் குறுங்கோள் தேடுவது கண்ணையும் பொறுமையையும் மட்டுமே நம்பிய வேலை. வானின் ஒரு சிறு பகுதியில் உள்ள விண்மீன்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே இடத்தை ஒப்பிட வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் அது விண்மீன் அன்று. பாக்சன் வந்த சில திங்களிலேயே, 1861 ஏப்ரல் 17ஆம் நாள், அப்படி ஒரு புள்ளி நகர்ந்தது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் அதுவே. எண் 67. ஆசியா என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தில் பெருங்கடற் தெய்வத்தின் மகள் ஒருத்திக்கும் ஆசியா என்றே பெயர் என்பதால் வழக்கமும் கெடவில்லை, கண்டத்திற்கும் சிறப்புச் செய்தாயிற்று. கெட்டிக்காரத்தனமான தேர்வு.

சென்னையிலிருந்து அவர் மேலும் நான்கு கண்டார். 1864இல் கண்டதற்குச் சாப்போ என்று பெயர். சாப்போ தெய்வம் அல்லர். பழங்கிரேக்கத்தில் வாழ்ந்த பெண்பாற் புலவர். நம் ஔவையையும் வெள்ளிவீதியாரையும் வகுப்பில் நடத்தும்போது, சென்னையிலிருந்து ஒரு பெண்பாற் புலவரின் பெயர் விண்ணுக்குப் போனது என்று நான் சொல்வதுண்டு. 1868இல் கமிலா, 1885இல் வேரா. இடையில் 1866இல் சில்வியா. உரோம நகரை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டையர் இரோமுலஸ், இரீமஸ் ஆகியோரின் தாய் இரியா சில்வியாவின் பெயர் அது. இதற்குப் பின்னாளில் ஓர் அழகான தொடர்ச்சி கிடைத்தது. சில்வியாவைச் சுற்றிவரும் ஒரு நிலவு 2001இலும் இன்னொன்று 2004இலும் கண்டறியப்பட்டன. இரண்டு நிலவுகள் உடையதாக அறியப்பட்ட முதல் குறுங்கோள் அது. அவற்றிற்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இரோமுலஸ், இரீமஸ் என்றே வைத்தார்கள். சென்னையில் பெயர் பெற்ற தாய்க்கு 130 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பிள்ளைகள் கிடைத்தார்கள்.

ஐந்து பெயர்களுள் ஒன்றுகூடத் தமிழ்ப் பெயர் இல்லையே என்று ஒரு பெற்றோர் என்னிடம் வருத்தப்பட்டார். உண்மைதான். ஆனால் பெயரிடும் உரிமை கண்டவருக்கு உரியது. கண்டவர் தம் காலத்து வழக்கப்படி இட்டார். எனக்கு அதைவிட ஆழமாகத் தைக்கும் செய்தி அதே கட்டடத்திற்குள் நடந்த வேறொன்று.

பாக்சனுக்கு முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. நம்மூர் பஞ்சாங்கக் கணக்கும் மேலைக் கணக்கும் இரண்டும் தெரிந்தவர். 1867இல் ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன் ஒன்றை அவர் கண்டார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. வெள்ளி, சூரியனைக் கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க ஒரு நூலும் எழுதினார். ஆனால் அவர் கண்ட விண்மீனுக்குப் பெயரிடும் உரிமை அவருக்கு இல்லை. மாறொளி விண்மீன்களுக்கு எழுத்தும் விண்மீன் குழுவின் பெயரும் சேர்த்து இயந்திரம் போல் பெயர் வைப்பதே முறை. ரெட்டிக்குலம் என்னும் குழுவில் அறியப்பட்ட முதல் மாறொளி விண்மீன் ஆகையால் அது ‘ஆர் ரெட்டிக்குலி’ ஆயிற்று, இன்றும் அதுவே. ஒரே வானாய்வகத்தில் ஒருவர் கண்டது கற்பாறை, அதற்குத் தாம் விரும்பிய பெயரை இட்டார். மற்றவர் கண்டது விண்மீன், அதற்கு ஓர் எழுத்து கிடைத்தது. யாரும் யாரையும் தனியே ஒதுக்கவில்லை. இரண்டு பட்டியல்களுக்கும் விதிகள் வேறு. எனினும் இந்த இடத்தை மாணவர்களுக்குச் சொல்லும்போது என் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது.

அங்கேயே இன்னொருவரும் இருந்தார். பாக்சன் 1856இல் ஆக்ஸ்போர்டில் கண்ட முதல் குறுங்கோளுக்கு ஐசிஸ் என்று பெயர். எகிப்தியத் தெய்வத்தின் பெயர். ஆக்ஸ்போர்டை ஒட்டி ஓடும் தேம்ஸ் ஆற்றையும் அவ்வூரார் அப்படி அழைப்பர். அதோடு, அப்போது நான்கு வயதும் நிறையாத பாக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸின் பெயரும் அதுவே. அந்தச் சிறுமி வளர்ந்து 1873 முதல் 1881 வரை சென்னை வானாய்வகத்தில் தந்தைக்கு உதவியாளராகக் கணக்குகள் போட்டார். பிறகு சென்னை அரசின் வானிலைப் பணியில் அமர்ந்தார். 1886இல் அரச வானியல் கழகத்திற்கு அவர் பெயரைத் தந்தையார் முன்மொழிந்தபோது, கழகத்தின் சாசனத்தில் உறுப்பினரை ஆண்பாலாகவே குறித்திருக்கிறது என்று காரணம் காட்டினர், முன்மொழிவு நின்றுபோனது. 1920இல்தான் உறுப்பினர் ஆனார். விண்ணில் பெயர் உலவத் தொடங்கி 64 ஆண்டுகள் கழித்து! மகள் பிறந்தால் பெயர் வைத்துக் கொண்டாடுவதும், வளர்ந்த மகளுக்கு நாற்காலி போடுவதும் வேறு வேறு செயல்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பாக்சன் 1891இல் சென்னையிலேயே காலமானார். 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குச் சென்றது. அந்த மரபின் வழியில் வந்ததே இன்றைய இந்திய வான் இயற்பியல் நிறுவனம். வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் அதன் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அந்த இடத்தைத் தேர்ந்து உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரையே அவ்வானாய்வகம் தாங்கியுள்ளது. 1980களின் இறுதியில் அங்கே ஆர். இராஜமோகனும் அவர் குழுவினரும் குறுங்கோள்களைத் தேடினர். 1988 பிப்ரவரி 17ஆம் நாள் எடுத்த ஒளிப்படத்தில் ஒன்று சிக்கியது. எண் 4130. அதற்கு இராமானுஜன் என்று பெயர்.

வேரா கண்டறியப்பட்டது 1885இல். ஈரோட்டில் இராமானுஜன் பிறந்தது 1887இல். அவர் பிறந்து, கும்பகோணத்தில் கணக்குப் போட்டு, கேம்பிரிட்ஜ் சென்று, நோயோடு திரும்பி, 1920இல் மறைந்து, அதன் பிறகும் அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆன பின்னரே, சென்னை வானாய்வகத்தின் வழிவந்தோர் அவருக்கென ஒரு குறுங்கோளைக் கண்டெடுத்தனர்.

பெயர் பெறுவதற்கு முன் அது ‘1988 டிகியூ1’ என்று அழைக்கப்பட்டது. இந்த எழுத்துகளைக் கண்டு அஞ்ச வேண்டா. நம் வளர்பிறை, தேய்பிறை போல் அவர்களும் ஆண்டை 24 அரைமாதங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ‘ஐ’ என்னும் உரோமன் எழுத்து எண் ஒன்றோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிடுவர். ‘டி’ என்றால் பிப்ரவரியின் பின்பாதி. அடுத்த எழுத்து, அந்த அரைமாதத்தில் பதிவான வரிசை. 25 எழுத்துகளும் தீர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிப் பக்கத்தில் ‘1’ இடுவர். ‘கியூ’ பதினாறாவது, ஒரு சுற்று 25 முடிந்தது, ஆகவே இது நாற்பத்தொன்றாவது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை ஒரு புதிராகவே கொடுக்கலாம். பிறந்த நாளுக்கு ஏற்ப எழுத்து கண்டுபிடிக்கச் சொன்னால், பஞ்சாங்கம் பார்க்கும் பாட்டிமாரின் ஆர்வம் அவர்களுக்கும் வந்துவிடுகிறது.

இந்தத் தற்காலிகக் குறியீடு எல்லாவற்றிற்கும் உண்டு. சுற்றுப்பாதை ஐயமறக் கணக்கிடப்பட்ட பிறகே நிலையான எண் கிடைக்கும். எண் கிடைத்த பிறகே பெயர். கண்டவர்க்குப் பத்து ஆண்டுகள் முன்னுரிமை. பெயர் உரோமன் எழுத்தில் பதினாறுக்கு மிகாமல், வாயில் நுழைவதாக, முன்பே உள்ள பெயரோடு குழம்பாததாக இருக்க வேண்டும். ஏன் இந்தப் பெயர் என்று சுருக்கமாகக் காரணமும் எழுதித் தர வேண்டும். அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று ஆராய்ந்து ஒப்புதல் தரும். இதுவரை ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவை எண் பெற்றுவிட்டன. பெயர் பெற்றவை நூற்றுக்கு நான்கைந்துகூட இரா.

அரசியலாலும் போராலும் புகழ்பெற்றவர்க்கு அவர் மறைந்து நூறு ஆண்டுகள் கழிந்த பிறகே பெயரிடலாம். பிரிக்பீல்ட்ஸ் சாலை துன் சம்பந்தன் சாலை என மாறியதை நாம் அறிவோம். ஆனால் 1979இல் மறைந்த துன் அவர்களின் பெயரை ஒரு குறுங்கோளுக்கு இட விரும்பினால் 2079 வரை காத்திருக்க வேண்டும். வணிகப் பெயர்களுக்கு இடமே இல்லை. செல்லப் பிராணிகளின் பெயர்களும் வேண்டா என்பார்கள். 2309 என்னும் குறுங்கோளுக்கு அதைக் கண்டவர் தம் பூனையின் பெயரை வைத்துவிட்டதால் வந்த வினை அது. இதைச் சொன்னால் வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும்.

வியாழனோடு ஒரே பாதையில் செல்லும் இரு கூட்டங்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். திராய்ப் போரின் வீரர் பெயர்களையே அவற்றிற்கு இட்டனர். வியாழனுக்கு முன்னே செல்வது கிரேக்கப் பாசறை, பின்னே வருவது திராயப் பாசறை. இந்தப் பிரிவினை வழக்கமாவதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்டதால், கிரேக்க வீரன் பெட்ரோகுலஸ் திராயப் பாசறையிலும், திராய் இளவரசன் ஹெக்டர் கிரேக்கப் பாசறையிலும் மாட்டிக்கொண்டார்கள். பாண்டவர் அணியில் கர்ணனை நிறுத்தியது போல! கர்ணனின் பிறப்பை எண்ணினால் அதுவும் தவறில்லையோ என்னவோ.

பெற்றோருக்கு இங்கே ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையார், மகளின் பிறந்த நாளுக்காக இணையத்தில் பணம் கட்டி அவள் பெயரில் ஒரு விண்மீன் வாங்கியதாகச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தங்க நிற முத்திரை, விண்மீனின் இருப்பிடம், எல்லாம் இருந்தன. அப்படிப்பட்ட பெயர்களை எந்த வானியலாளரும் பயன்படுத்துவதில்லை. அனைத்துலக வானியல் ஒன்றியம் விண்மீன் பெயரையோ குறுங்கோள் பெயரையோ காசுக்கு விற்பதில்லை. அவரிடம் இதை மெல்லச் சொன்னேன். அவர் முகம் வாடியது. அந்தப் பணத்தில் பிள்ளையைக் கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்திற்குப் பலமுறை அழைத்துச் செல்லலாம்.

தமிழரோடு தொடர்புடைய வேறு பெயர்களும் உண்டு. 1958 என்னும் எண்ணுடைய குறுங்கோள் சந்திரா. 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வந்தது. 1958 ஆண்டு அன்று, வரிசை எண். அது கண்டறியப்பட்டது 1970இல், அர்ஜென்டினாவில். முழுப்பெயர் பதினாறு எழுத்தில் அடங்காது என்பது நமக்குத் தெரிந்ததே. 2596 வைணு பாப்பு. தென் அமெரிக்காவின் சிலியிலிருந்து 1979இல் கண்டறியப்பட்டது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர் 4538க்கு ‘விஷியானந்த்’ என்று 2015இல் இடப்பட்டது. அதை 1988இல் ஜப்பானின் தொயோத்தா நகரிலிருந்து கென்சோ சுசுகி கண்டார். பெயரிடாமலே ஆண்டுகள் கடந்தமையால், குறுங்கோள் மையத்தில் பணியாற்றிய சதுரங்க ஆர்வலர் ஒருவர் ஆனந்தை முன்மொழிந்தார். அலெகினும் கார்ப்போவும் அங்கே முன்பே காத்திருக்கிறார்கள்.

இவர்கள் யாவரும் பெரியவர்கள், புகழ்பெற்றவர்கள் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகம் தான் கண்ட குறுங்கோள்களுக்கு, பெரிய அறிவியல் போட்டிகளில் வென்ற பள்ளி மாணவர்களின் பெயர்களை 2001 முதல் இட்டு வந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர்களின் பெயர்களையும் சேர்த்தது. பள்ளி ஆசிரியர்களின் பெயர் தாங்கிய பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன என்பதை நம் ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒருவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “உண்மையாகவா?” என்றார்.

வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். ஆளுக்கொரு பெயர் எழுதி, பதினாறு எழுத்துக்குள் அடக்கி, மூன்று வரியில் காரணம் சொல்ல வேண்டும். திருவள்ளுவர் பலருக்கு வந்தார். காற்பந்து வீரர்கள் அதைவிட மிகுதி. ஒரு மாணவி தன் பூட்டியின் பெயரை எழுதியிருந்தாள். லெட்சுமி. தோட்டத்துக் கிராணி எழுதிவைத்த உரோமன் எழுத்துக்கூட்டலில் எட்டு எழுத்து. ‘ஐம்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். எழுதத் தெரியாது. என் பாட்டியைப் படிக்க வைத்தார்.’ அவ்வளவே காரணம். “இதற்கு அனுமதி கிடைக்குமா, ஐயா?” என்று கேட்டாள். கண்டவர் தம் குடும்பத்தாரின் பெயரை இடுவது பாக்சன் காலத்திலிருந்தே உள்ளதுதான் என்றேன். “அப்படியானால் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்கும் வழி இருக்கிறது. அனைத்துலக வானியல் தேடல் கூட்டு முயற்சி என்னும் அமைப்பு, ஹவாயில் உள்ள தொலைநோக்கி எடுக்கும் படங்களைப் பள்ளிக் குழுக்களுக்குக் கட்டணமின்றி அனுப்புகிறது. அதே நாற்பழக்கந்தான்: படங்களை அடுத்தடுத்து வைத்து, நகரும் புள்ளியைத் தேட வேண்டும். பாக்சன் வரைபடத்தில் செய்ததை இன்று கணினித் திரையில் செய்கிறார்கள். 2020இல் குஜராத்தின் சூரத் நகரப் பள்ளி மாணவிகள் இருவர் இப்படி ஒன்றைக் கண்டனர். சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு வயதில் கண்டவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பெயரிட நேரலாம். தேவையானவை ஒரு கணினி, இணையத் தொடர்பு, ஆங்கில வழிகாட்டியைப் படித்துத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஓர் ஆசிரியர். எங்கள் பள்ளியில் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கணினி அறையின் சாவியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.